சீருடையின் கலை யாருக்காக?

படைத்துறையில் உயர்பதவி வகித்த ஒருவர் கவிதை எழுதினால், ஓவியந் தீட்டினால், திரைப்படம் இயக்கினால் நம்மவர் பலர் வியந்து நிற்கின்றனர். துவக்குப் பிடித்த கை தூரிகையும் பிடிக்கின்றதே என்று புகழ்மாலை சூட்டுகின்றனர். வங்கி லிகிதர் ஒருவர் கவிதை எழுதினால் இந்த வியப்பு எழுவதில்லை. துறைமுகத்தில் மூடை சுமக்கும் தொழிலாளி நாடகம் எழுதினால், ‘இவருக்கு ஏன் இந்த வேலை?’ என்று கேட்பவர்களும் நம்மிடையே உளர். எனவே, அந்த வியப்பு கலையைக் கண்டு பிறந்தது எனக் கொள்வதற்கில்லை. தோளில் மின்னும் நட்சத்திரங்களைக் கண்டு பிறந்த வியப்பே அது. நட்சத்திரங்களைக் கழற்றிவிட்டுப் படைப்பைப் பார்க்கும் துணிவு விமர்சகரிடமும் குறைவு, ரசிகரிடமும் குறைவு.

நாம் சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். படையில் இருந்தவனின் அனுபவம் கலைக்கு உரியது; அவனுடைய பதவி கலைக்கு உரியதன்று. போரைக் கண்ட மனிதன் கண்டதைச் சொல்ல வருவானாயின் அவனை இருகரம் நீட்டி வரவேற்போம். போரைப் பற்றி யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று கட்டளையிட வருவானாயின், அவன் கையில் இருப்பது கமராவே ஆயினும் அது துவக்கின் வேலையையே செய்கிறது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்து வரும் எமக்கு இது வெறும் அழகியல் வினா அன்று. எமது தெருக்களில் சீருடை என்பது பல ஆண்டுகளாக அடையாள அட்டை கேட்கும் குரலாகவே அறிமுகமாயிருந்தது. அந்தக் குரல் திரையரங்கில் இருந்து பேசத் தொடங்கும்போது, அது என்ன பேசுகிறது என்று உற்றுக் கேட்கும் கடமை எமக்கு உண்டு.

எடுத்துக்காட்டைத் தொலைவிற் தேட வேண்டியதில்லை. றியர் அட்மிரல் சரத் வீரசேகர இலங்கைக் கடற்படையில் உயரதிகாரியாக விளங்கியவர். ஊர்காவற் படையினரை உள்ளடக்கிய சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாகவும் பணியாற்றியவர். 2010ஆம் ஆண்டு திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். 2011இல் அவர் இயக்கிய ‘காமணி’ என்னும் சிங்களத் திரைப்படம் வெளிவந்தது. 2015இல் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைக்கும் 19ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, சபையில் அதனை எதிர்த்து வாக்களித்த ஒரேயொரு உறுப்பினர் அவரே. 2020இல் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சரானார். கடற்படை, திணைக்களம், பாராளுமன்றம், திரைப்படம், அமைச்சு என்று ஒரே மனிதர் ஏறிச்சென்ற படிகள் இவை. இவற்றுள் திரைப்படம் என்ற படியை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அது தூய கலை, ஏனையவை அரசியல் என்று கூறுவோமாயின் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்பவர்கள் ஆவோம்.

‘காமணி’ திரைப்படத்திற்கு அடிப்படையான துயரம் மெய்யானது. 1999 செப்டெம்பர் 18ஆம் திகதி அதிகாலையில் அம்பாறை மாவட்டத்துக் கோணகல முதலிய சிங்களக் கிராமங்களிற் புகுந்த தமிழீழ விடுதலைப் புலிகள், உறக்கத்திலிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏழை மக்களை வெட்டிக் கொன்றனர். பெண்களையும் விடவில்லை; குழந்தைகளையும் விடவில்லை. இதனைப் போராட்டத்தின் தவிர்க்க முடியாத விளைவு என்று மெழுகித் தள்ளுபவர்களோடு எமக்கு உறவில்லை. கோணகலவின் கமக்காரனும் கமக்காரனே. அவன் வீட்டுத் தொட்டிலும் தொட்டிலே. அந்த மக்களின் சாவைத் திரையிற் காட்டியமைக்காக எவரையும் நாம் குறைகூற மாட்டோம். அது காட்டப்பட வேண்டியதே.

ஆனால், நாட்காட்டியில் மூன்று தாள்களைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். அதே செப்டெம்பர் 15ஆம் திகதி, புதுக்குடியிருப்பு மந்துவிலில் மக்கள் கூடியிருந்த இடத்தில் இலங்கை விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்தன; இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். ஒரு கொலையை மற்றொரு கொலையால் நியாயப்படுத்த நாம் இதனைச் சொல்லவில்லை. தராசில் பிணங்களை ஏற்றி எண்ணிக்கை பார்ப்பது எமது தொழிலன்று. நாம் கேட்பது வேறொன்று. 18ஆம் திகதியைத் திரைக்குக் கொண்டுவர 2011இல் ஓர் அட்மிரல் இருந்தார். 15ஆம் திகதியைத் திரைக்குக் கொண்டுவர, இரண்டே ஆண்டுகளுக்கு முன் முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்த வன்னி மக்களுள் எவரால் அவ்வாண்டில் முடிந்திருக்கும்? கமரா ஏந்தி மந்துவிலுக்குச் செல்ல அனுமதி தருபவர் யார்? அந்த அனுமதியைத் தரவும் மறுக்கவும் வல்லவர்கள் படைத்துறையினரே அல்லவா? துயரம் இரு பக்கத்திலும் இருந்தது. அதனைச் சொல்லும் உரிமையோ ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது. சீருடைக் கலையின் முதற் சிக்கல் இதுவே.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. அதனை அறிந்துகொள்ள, ‘காமணி’ வருவதற்கு முன் சிங்களத் திரையுலகில் நிகழ்ந்தவற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும்.

பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 1997இல் உருவான படம். போரிற் செத்ததாகச் சொல்லப்படும் மகனின் முத்திரையிட்ட சவப்பெட்டி ஊருக்கு வருகிறது. கண்பார்வையற்ற முதிய தந்தை மகன் இறந்ததை நம்ப மறுக்கிறார். இழப்பீட்டுப் பணத்துக்குரிய பத்திரத்திற் கையொப்பமிடவும் மறுக்கிறார். ஈற்றில் அவரே குழியைத் தோண்டத் தொடங்குகிறார். பெட்டியினுள் இருப்பது வாழைத்தண்டும் கற்களும். வறிய கிராமத்து இளைஞனைப் போர் விழுங்கிவிட்டு, அவன் குடும்பத்துக்குக் கல்லைக் கொடுத்தது என்பதை இதைவிட எளிமையாக யார் சொல்ல முடியும்? 2000ஆம் ஆண்டு அமைச்சரின் ஆணையால் அப்படத்தின் திரையிடல் நிறுத்தப்பட்டது. 2001இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது மக்களிடம் வந்தது.

அசோக ஹந்தகமவின் ‘மே மகே சந்தயி’ 2000ஆம் ஆண்டுப் படம். போர்முனையை விட்டு ஊர் திரும்பும் சிங்களப் படைவீரனையும் அவனைத் தொடர்ந்து வரும் தமிழ்ப் பெண்ணையும் அது காட்டியது. விமுக்தி ஜயசுந்தரவின் ‘சுலங்க எனு பினிச’ 2005இல் கான் திரைப்பட விழாவில், முதற்படம் எடுத்தோருக்குரிய தங்கக் கமரா விருதினைப் பெற்றது. அதன் நாயகன் ஓர் ஊர்காவற் படையாள். போரும் இல்லாத, சமாதானமும் இல்லாத வெட்டவெளியில் வேலையின்றி, பொருளின்றி, மனஞ் சிதைந்து கிடக்கும் மனிதன் அவன்.

இப்படங்கள் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவை. ஆயினும், இவை படையினரை இழிவுபடுத்துகின்றன, எதிரிக்குத் துணை போகின்றன என்ற கூச்சல் 2005இல் படைத்துறை வட்டாரத்திலிருந்து எழுந்தது. அவ்வாறு பத்திரிகைகளில் வெளிப்படையாகக் கண்டித்தவர்களுள் சரத் வீரசேகரவும் ஒருவர். ஒரு பார்வையாளருக்குப் படம் பிடிக்காமற் போவது இயல்பு. எழுத்தாளர் ஒருவர் எதிர்க் கட்டுரை எழுதினால் அது விவாதம். ஆனால், நாட்டில் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்கும் வேளையில், ஆயுதந் தாங்கிய நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் சீருடையோடு நின்று, ‘இந்தப் படம் துரோகம்’ என்னும் பொருள்படப் பேசுவாராயின் அது விமர்சனம் ஆகுமா? கலைஞனின் வீட்டு வாசலில் வைக்கப்பட்ட எச்சரிக்கை அல்லவா அது?

அதே அதிகாரி ஆறாண்டுகளின் பின் தாமே இயக்குநராக வருகிறார். இப்பொழுது இரண்டு ஊர்காவற் படையாட்களை அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒருவன் ஜயசுந்தரவின் வெட்டவெளியில் நிற்பவன். மற்றவன் ஊர்காவற் படைத் திணைக்களத்தின் தலைவராக இருந்தவரே படைத்த கிராமத்தில் நிற்பவன். முன்னவனைக் காட்டியது துரோகம் என்றும் பின்னவனைக் காட்டியது தேசபக்தி என்றும் ஆயிற்று. ஊர்காவற் படையாள் என்பவன் யார்? உழுது பிழைக்க வழியற்ற எல்லைப்புறத்து ஏழை. ஒரு துவக்கையும் சொற்ப வேதனத்தையும் கொடுத்து, யுத்தத்தின் முதல் வரிசையில் அவனை நிறுத்தியவர்கள் கொழும்பில் இருந்தார்கள். அவன் ஏன் அங்கே நிற்க நேர்ந்தது என்று கேட்பது முற்போக்குக் கலை. அவன் அங்கே நிற்பதே அழகு என்று கொண்டாடுவது ஆளும் வர்க்கத்தின் கலை. முன்னைய கேள்வியைக் கேட்டவர்களை வாயடைக்க முயன்றுவிட்டுப் பின்னைய பாட்டைப் பாட வருபவரிடம், ‘உமது படம் நன்றாயிருக்கிறதா?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘உமது படம் தனியாக நிற்கும்படி அரங்கைக் காலி செய்தது யார்?’ என்றும் கேட்டே ஆகவேண்டும்.

இன்னுமொன்று. கோணகல அம்பாறை மாவட்டத்தில் உள்ளது. திகாமடுல்ல என்பது அம்மாவட்டத்தின் தேர்தற் பெயர். வாக்குக் கேட்ட மாவட்டத்தின் கண்ணீரைப் படமாக்குவது குற்றமன்று. ஆயினும் வாக்காளர், வீரர், நாயகர், பிரதிநிதி என்ற நால்வரும் ஒரே மாவட்டத்தில் ஒன்றுகூடும்போது, கலை எங்கே முடிகிறது, மேடைப் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று கேட்க ரசிகனுக்கு உரிமை இல்லையா?

‘அப்படியானால் படை அதிகாரி கலையே படைக்கக்கூடாதா?’ என்று எம்மை மடக்க வருவோர் உண்டு. படைக்கலாம், படைத்திருக்கிறார்கள், உலக இலக்கியம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. 1854, 1855ஆம் ஆண்டுகளில் கிரிமியப் போரில், முற்றுகைக்குள்ளான செவஸ்தபோலில் பீரங்கிப்படையின் இளம் அதிகாரியாக நின்றவர் டால்ஸ்டாய். அக்களத்தைப் பற்றி அவர் எழுதிய கதைகளுள் ஒன்றை ஜார் அரசின் தணிக்கையாளர்கள் வெட்டிச் சிதைத்தே அச்சேற விட்டார்கள். தணிக்கையாளன் வெட்டியதே அக்கதையின் உண்மைக்கு நற்சாட்சிப் பத்திரம். முதலாம் உலகப் போரில் வீரத்துக்கான இராணுவச் சிலுவை பெற்ற ஆங்கில அதிகாரி சிக்ஃப்ரிட் சசூன், 1917இல் போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது என்று பகிரங்க அறிக்கை விடுத்தார்; அது பிரித்தானியப் பாராளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. அவரை நரம்புநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அவரைச் சந்தித்த மற்றோர் இளம் அதிகாரி வில்ஃப்ரெட் ஓவன். போரின் அருவருப்பை எழுதிய அவர், 1918 நவம்பர் 4ஆம் திகதி, சமாதானத்துக்கு ஒரு வாரமே எஞ்சியிருக்கையில் களத்தில் மாண்டார். இவர்களுக்குப் பதவி இருந்தது. தம் எழுத்துக்குப் பாதுகாப்பாக அப்பதவியை அவர்கள் பயன்படுத்தவில்லை. எழுத்தே அவர்களுடைய பதவிக்கு ஆபத்தாக முடிந்தது.

நமது ஆசியக் கண்டத்திலேயே இதற்கு மேலான சான்று உண்டு. உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். பாசிசத்துக்கெதிரான போர் மக்கள் போர் என்ற நம்பிக்கையோடு 1942இல் பிரித்தானிய இந்தியப் படையிற் சேர்ந்து லெப்டினன்ட் கேர்ணல் நிலைக்கு உயர்ந்தார். போர் முடிந்ததும் படையை விட்டு வெளியேறி, லாகூரில் ‘பாகிஸ்தான் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியரானார். 1951இல் ராவல்பிண்டி சதி வழக்கில் கைதாகி நான்காண்டுகள் சிறையிலிருந்தார். அவருடைய புகழ்பெற்ற தொகுதிகளுள் ஒன்று 1952இல் அவர் சிறையில் இருக்கும்போதே வெளிவந்தது. 1962இல் லெனின் சமாதானப் பரிசு பெற்றார். உலகம் அவரைக் கேர்ணல் என்று நினைவுகொள்ளவில்லை. கவிஞர் என்றே நினைவுகொள்கிறது. பதவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கலைக்குள் நுழைந்தவர் அவர். பதவியோடு நுழைபவருக்கும் அவருக்கும் உள்ள தூரம், சிறைக்கூடத்துக்கும் அமைச்சர் நாற்காலிக்கும் உள்ள தூரமாகும்.

நமது பழம் இலக்கியமும் இவ்வேறுபாட்டை அறியும். முதலாங் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானின் வெற்றியைப் பாட எழுந்தது கலிங்கத்துப்பரணி. அது அரசவையின் நூல், வெற்றியின் நூல். ஆயினும், பிணங்களை அரிந்து பேய்கள் கூழ் சமைத்துண்ணும் களத்தை மறைக்க அதனாலும் முடியவில்லை. மன்னனைப் புகழப் புகுந்த செயங்கொண்டாரே களத்தின் நாற்றத்தை மூடிவைக்கவில்லை என்றால், இருபத்தோராம் நூற்றாண்டின் வெற்றிக் கலைஞர்கள் அதனை மூடிவைப்பதை எப்படிப் பொறுப்பது?

இதுவரை படித்த தமிழ் வாசகர்களுட் சிலர், ‘நன்றாகக் கேட்டீர்கள், சிங்களப் படையதிகாரியைப் பிடித்து உலுக்கிவிட்டீர்கள்’ என்று மகிழக்கூடும். அம்மகிழ்ச்சிக்கு நாம் இடங்கொடுக்க மாட்டோம். சீருடைக்குத் தமிழ் பேசும் வாயும் உண்டு. நமது பக்கத்திலும் கப்டன்களும் மேஜர்களும் கேர்ணல்களும் இருந்தார்கள். பாட்டு நாடாக்களும் படப்பிரிவுகளும் இருந்தன. களத்தில் நின்று எழுதிய போராளிகளின் கவிதைகளில் மெய்யான துடிப்பு உண்டு என்பதை மறுக்க மாட்டோம். ஆனால், அந்தப் படைத் தலைமை தன்னைப் பாடாத கவிஞரை என்ன செய்தது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்ற கவிஞை செல்வி 1991இல் புலிகளாற் பிடிக்கப்பட்டார். மறு ஆண்டு சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது வழங்கியது. விருதைப் பெற அவர் வரவில்லை; பின்னர் எக்காலத்திலும் வரவில்லை. 1985இல் ‘புதியதோர் உலகம்’ என்ற நாவலை வெளியிட்ட கோவிந்தன், தாம் இருந்த இயக்கமாகிய புளொட்டின் சித்திரவதை முகாம்களையே நாவலுக்குப் பொருளாக்கினார். எதிரியின் கொடுமையை எழுதுவது எளிது. தன் முகாமின் கொடுமையை எழுத நெஞ்சுரம் வேண்டும். அந்த நாவல்தான் ஆயுதம் ஏந்தியவன் படைக்கத்தக்க கலை. அதனை எழுதியவரும் பின்னாளில் புலிகளின் கைக்குள் மறைந்துபோனார். இந்த இரு பெயர்களையும் உச்சரிக்கத் தயங்குபவருக்கு, ‘காமணி’ பற்றிப் பேசும் தகுதி இல்லை என்போம்.

பதவி மோகம் நமது பொழுதுபோக்கிலும் ஊறியிருக்கிறது. கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் ஓய்வுபெற்ற மேஜராக வேடமேற்ற சுந்தரராஜன், ஆயுள் முழுவதும் ‘மேஜர்’ சுந்தரராஜன் ஆனார். 1991இல் வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ படத்தில் வன அதிகாரியாக நடித்த விஜயகாந்த், 2023இல் கண்மூடும்வரை ‘கேப்டன்’ ஆகவே வாழ்ந்தார். வேடம் கலைந்த பின்னும் பட்டம் கலையவில்லை. கேரளத்திலோ 2009இல் நடிகர் மோகன்லாலுக்கு இந்தியப் பிராந்திய இராணுவமே லெப்டினன்ட் கேர்ணல் என்ற கௌரவப் பதவியை அளித்தது. படைவீரராக நடித்துப் புகழ் பெற்றவருக்குப் படையே உண்மைச் சீருடையை அணிவித்தது. அதிகாரி கலைஞராவதும் கலைஞர் அதிகாரியாவதும் ஒரே சாலையின் இரு திசைகள். அந்தச் சாலையிற் பயணஞ் செய்வது அதிகாரத்தின் மதிப்பே, மக்களின் வாழ்வன்று.

இனி எமது கொட்டாஞ்சேனைக்கு வருவோம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸாரும் படையினரும் எழுப்பி, பஸ்களில் ஏற்றித் தலைநகரை விட்டு அப்புறப்படுத்தினர். 376 பேர். வைத்தியத்துக்காக வந்தோர், வெளிநாடு செல்லக் காத்திருந்தோர், வேலை தேடி வந்தோர். மூட்டையைக் கட்ட அரைமணி நேரங்கூடக் கிடைக்காதவர்கள் அவர்களுள் உண்டு. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் பிரதமரே அரசின் சார்பில் வருத்தந் தெரிவிக்க நேர்ந்தது. அடுத்து வந்த 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமற் போயினர். அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டோர் கடற்படையைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவராகச் சேர்க்கப்பட்டிருந்த முன்னாள் கடற்படைத் தளபதிக்கெதிரான குற்றச்சாட்டுகளை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று 2021இல் சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது. ‘காமணி’யின் இயக்குநருக்கும் அந்த வழக்குக்கும் தொடர்பில்லை என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிடுகிறோம். எமது வினா தனிமனிதரைப் பற்றியதன்று. ஜூன் மாதத்துப் பஸ்களைத் திரையிற் காட்ட எந்த அட்மிரல் வருவார்? பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நீதிமன்ற வாசலில் ஆண்டுக்கணக்காய் நின்ற தாய்மாரின் கதைக்குத் திரைக்கதை எழுதும் சீருடை எங்கே இருக்கிறது?

‘சிங்களத் திரைப்படத்தைப் பற்றித் தமிழருக்கு என்ன பேச்சு?’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். முதலாவது சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அது உருவானது மதுரையில். ஹெந்தளையில் கே. குணரத்தினம் நிறுவிய விஜயா ஸ்ரூடியோ எண்ணற்ற சிங்களப் படங்களின் பிறப்பிடம். 1983 யூலையில் அது எரிந்தது. அதே யூலையில் சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொழும்பில் இனவெறிக் கும்பலாற் கொல்லப்பட்டார். சிங்களத் திரை நமக்கு அயல்வீடு அன்று. அதன் அத்திவாரத்தில் நமது வியர்வை இருக்கிறது. அதன் சாம்பலில் நமது எலும்பும் இருக்கிறது. அதைப்பற்றிப் பேச நாம் எவரிடமும் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியதில்லை.

நம்பிக்கையும் அங்கேதான் இருக்கிறது. துரோகப் படமெடுத்தவர் என்று தூற்றப்பட்ட அதே ஹந்தகம, 2012இல் ‘இனி அவன்’ என்ற படத்தைத் தமிழ் மொழியிலேயே எடுத்தார். போர் முடிந்து ஊர் திரும்பும் முன்னாள் போராளி ஒருவனை ஊரும் அரசும் வறுமையும் எப்படி எதிர்கொள்கின்றன என்பதே அதன் பொருள். நாயகனாக நடித்தவர் இரக்குவானையிற் பிறந்து 2022இல் இளவயதிலேயே மறைந்த தமிழ்க் கலைஞர் தர்ஷன் தர்மராஜ். சிங்கள நெறியாளரும் தமிழ் நடிகரும் சேர்ந்து, எந்தப் படைத் தலைமையின் ஆசியுமின்றி, தோற்றவனையும் மனிதனாகக் காட்டினார்கள். இந்நாட்டின் மெய்யான தேசியக் கலை எது என்று எம்மைக் கேட்டால் இதனைத்தான் சுட்டுவோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இப்பொறுப்பு வகுப்பறையில் தொடங்குகிறது. நமது பாடசாலை மேடைகளைப் பாருங்கள். தமிழ்த் தினப் போட்டி வந்துவிட்டால் சங்கிலியனும் பண்டாரவன்னியனும் அட்டை வாளோடு வந்து நிற்கின்றனர். மன்னனுக்கு வசனம் பத்துப் பக்கம். அவன் படைக்கு நெல் அளந்த குடியானவனுக்கு ஒரு வரியும் இல்லை. இந்த நாடகத்தைப் பார்த்து வளரும் பிள்ளைதான் பின்னாளில், அதிகாரி கவிதை எழுதினார் என்றதும் வாய்பிளந்து நிற்கிறது. வாளைக் கண்டு வியக்கும் பழக்கம் ஆண்டுதோறும் நமது கைகளாலேயே நடப்படுகிறது. நமது கைகளாலேயே அது களையப்படவும் வேண்டும்.

மாணவர்களிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தனுப்புவோம். எந்தப் போர்ப் படத்தைப் பார்த்தாலும், எந்தப் படைவீரர் நூலைப் படித்தாலும் இவற்றைக் கேட்கச் சொல்வோம். இதனைச் சொல்வதால் சொல்பவர் எதனையாவது இழந்தாரா, அல்லது பெற்றாரா? இதே நிகழ்ச்சியை மறுகரையில் நின்று சொல்ல எவருக்காவது சுதந்திரம் இருந்ததா? கட்டளையிட்டவரின் முகம் இதில் தெரிகிறதா, அல்லது கட்டளைக்குக் கீழ்ப்படிந்து செத்தவனின் முகம் மட்டுந்தான் தெரிகிறதா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை தரும் படைப்பைப் படைத்தவர் அட்மிரலாக இருந்தாலென்ன, சாதாரண சிப்பாயாக இருந்தாலென்ன, நாம் தலைவணங்குவோம். விடை தராத படைப்புக்கு எத்தனை விருது கிடைத்தாலும், எத்தனை அமைச்சர்கள் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினாலும், நமது கை தட்டாது.

கண்டனம் மட்டும் போதாது, படைப்பும் வேண்டும். கொட்டாஞ்சேனையின் விடுதி அறைகளும் பொலிஸ் பதிவுப் படிவங்களும் வவுனியா நோக்கிப் புறப்பட்ட பஸ்களும் எழுதப்படாமற் கிடக்கின்றன. கோணகலவின் அதிகாலையும் மந்துவிலின் பகலும் ஒரே நூலில், ஒரே மேடையில், ஒரே திரையில் இடம்பெறும் நாள் இன்னும் வரவில்லை. அதனை எழுதப் போகிறவன் சிங்களவனாயினும் தமிழனாயினும் முஸ்லிமாயினும், ஒரு துணிவு அவனுக்கு வேண்டும்: தன் பக்கத்துத் தளபதியை எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வி கேட்கும் துணிவு. அத்துணிவை இந்த ஆண்டே, இந்த வகுப்பிலேயே கற்பிக்கத் தொடங்குவோம்.